தூக்குவது பிட்டம், தாங்குவது முதுகு

வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் முப்பதை ஒட்டி வரும். இதையெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் இழுக்கிறார்கள், நகர்த்துகிறார்கள், தூக்குகிறார்கள். யாரும் தடுப்பதில்லை. அதே பெண் நாற்பத்தைந்து வயதில் ஜிம்முக்குப் போய் 20 கிலோ ராடைத் தொட்டால் மட்டும் "முதுகு போயிடும், பார்த்து" என்று நாலு பேர் சொல்வார்கள். கையில் இரண்டு கிலோ டம்பெல்லைக் கொடுத்து ஓரமாக நிற்க வைப்பார்கள்.

இது எனக்கு ரொம்ப நாளாக மனதை உறுத்தும் விஷயம். நான் மருத்துவரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. திருச்சியில் ஒரு சின்ன ஜிம்மில் சில வருடங்களாக எடை தூக்கிவருகிற, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். என் அண்ணியும் இப்போது என்னோடு வருகிறார். முதுகுக்குப் பயந்து எடையை விட்டு விலகுவதைவிட, இடுப்பு மூட்டில் மடங்கக் கற்றுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றுவதுதான் முதுகுக்குப் பாதுகாப்பு என்பது என் கட்சி. அதற்கான காரணங்களையும் செய்முறையையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் உடம்பிலேயே பெரிய தசை பிட்டத்தில் இருக்கிறது. பெயர் குளூட்டியஸ் மேக்ஸிமஸ். ஜிம்மில் எல்லாரும் குளூட்ஸ் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். குனிந்த உடம்பை நிமிர்த்துவது, தரையில் உட்கார்ந்தவரை எழுப்புவது, படி ஏற்றுவது எல்லாம் இதன் வேலை. இதற்கு மேலே பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கண்ணாடி முன்னால் ஒரு காலைத் தூக்கி நின்று பாருங்கள். தூக்கிய காலின் பக்கம் இடுப்பெலும்பு கீழே இறங்கினால், ஊன்றி நிற்கும் காலின் மீடியஸுக்குப் பலம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டெலன்பர்க் 1895-இல் விவரித்த அடையாளம் இது. எலும்பு மருத்துவர்கள் இன்றும் இதைப் பார்க்கிறார்கள்.

முதுகெலும்பின் இரு பக்கமும் நீளவாட்டில் ஓடும் தசைத் தொகுதிக்கு எரெக்டர் ஸ்பைனே என்று பெயர். எடை தூக்கும்போது முதுகெலும்பை வளையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் இதன் பெரிய வேலை. அசைவு முழுக்க இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டியது குளூட்ஸும் தொடையின் பின்பக்கத் தசைகளும். பெரிய தசை சும்மா இருந்துவிட்டு, பிடித்துக்கொள்ள வேண்டியவன் தலையிலேயே தூக்கும் வேலையும் விழுந்தால், சாயங்காலம் கீழ்முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் குளூட்ஸ் செத்துவிடும் என்று சமூக ஊடகங்களில் பயமுறுத்துகிறார்கள். நம்பாதீர்கள். நரம்புக்குச் சேதம் இல்லாதவரை தசை அப்படி அணைந்துபோவதில்லை. வேலை கொடுக்காததால் பலம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வேலை கொடுத்தால் எந்த வயதிலும் பலம் ஏறும்.

அண்ணி கதைக்கு வருகிறேன். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முதுகு வலி என்று ஸ்கேன் எடுத்ததில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. "இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ரிப்போர்ட்டே நோயாகிவிட்டது. பேரனைத் தூக்கப் பயம், வாளியைத் தூக்கப் பயம். ஜிம்முக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோது, "ஏம்மா, எனக்கு டிஸ்க் விலகியிருக்குன்னு எழுதியே கொடுத்திருக்காங்க, என்னைப் போய் எடை தூக்கச் சொல்றியே" என்றார்.

2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்திருந்தார்கள். எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுங்கல் ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. இதற்காக ஸ்கேனே வீண் என்று அர்த்தமில்லை. நரை விழுவதுபோல் வயதோடு வருகிற மாற்றம் நிறைய உண்டு, அதை மட்டும் வைத்து வாழ்நாள் தடை போட முடியாது என்கிறேன்.

ஆனால் சில அறிகுறிகளோடு யாரும் ஜிம் வாசலை மிதிக்கக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடைகளுக்கு நடுவிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, காலில் பலம் இறங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போவது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு காய்ச்சல், காரணம் தெரியாத உடல் மெலிவு, விழுந்த அடி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவை இருந்தாலும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். எலும்புத் தேய்வு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அண்ணியை நான் முதலில் அழைத்துப்போனது ஒரு பிசியோதெரபிஸ்டிடம்தான். காலின் பலம், உணர்ச்சி எல்லாம் சோதித்துவிட்டு அவர் சரி என்ற பிறகுதான் ஜிம்.

இனி மடங்கும் விஷயம். இதில்தான் எல்லாமே இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் மாஸ்டர் அண்ணிக்கு முதலில் கொடுத்தது ஒரு ஒட்டடைக் கம்பு. அதை முதுகோடு சேர்த்து நீளவாட்டில் பிடிக்கச் சொன்னார். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை கீழ்முதுகுக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, பிட்டத்துக்கு மேல் இருக்கும் தட்டையான எலும்பு. சுவருக்கு முதுகு காட்டி, ஓர் அடி தள்ளி நிற்க வைத்தார். "அக்கா, கீழ போகாதீங்க. பின்னாடி போங்க. இரண்டு கையிலும் பை இருந்தா கதவைப் பின்பக்கத்தால தள்ளிச் சாத்துவீங்கல்ல, அப்படி" என்றார். முழங்கால் லேசாக மடங்கலாம், ஆனால் முன்னால் ஓடக் கூடாது. பிட்டம் சுவரைத் தொடும்போது உடம்பு தானாக முன்னால் சாய்ந்திருக்கும். கம்பு மூன்று இடத்திலும் ஒட்டியே இருந்தால் முதுகு வளையவில்லை என்று அர்த்தம். கீழ்முதுகில் கம்புக்கும் உடம்புக்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவு இடைவெளி இருப்பது இயல்பு. கம்பு பிட்ட எலும்பை விட்டு விலகினால், இடுப்பு மூட்டில் மடங்குவது நின்று முதுகு வளையத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதுவரைதான் அன்றைக்கு உங்கள் எல்லை.

அண்ணிக்கு முதலில் இது வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் முழங்காலை மடக்கி உட்காரப் போனார். மாஸ்டர் சுவரிலிருந்து இடைவெளியைக் குறைத்தார். பிட்டம் சுவரைத் தொடுவது சுலபமானதும் ஒரு விரல் அளவு, இரண்டு விரல் அளவு என்று தள்ளித் தள்ளி நிற்க வைத்தார். தொடையின் பின்பக்கம் இழுக்கிறது என்று அண்ணி சொன்ன அன்றுதான் மாஸ்டர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அந்த இழுப்பு வந்துவிட்டால் எடை சரியான இடத்தில் விழுகிறது என்று பொருள்.

இதோடு தரையில் செய்கிற சில பயிற்சிகள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை அழுத்திப் பிட்டத்தை உயர்த்தும் பிரிட்ஜ். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பேர்ட் டாக். முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் நிற்கும் சைடு பிளாங்க். பின்னவை இரண்டும், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளில் அடக்கம். ஒரே மூச்சில் நிமிடக்கணக்காக நிற்காமல், பத்துப் பத்து விநாடியாகப் பிடித்து விடுவது அவர் முறை. முதுகு களைத்துப்போகாமல் தாங்கும் சக்தி ஏறும்.

இவை வசப்பட்டதும் ரோமேனியன் டெட்லிஃப்ட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிக்கு விளாட் அமெரிக்காவில் செய்துகாட்டியதைப் பார்த்து அங்கே வைத்த பெயர். நின்ற நிலையில் எடையைப் பிடித்து, சுவர்ப் பயிற்சியில் செய்த அதே மடக்கில் இறக்கி ஏற்ற வேண்டும். எடை தரையைத் தொட வேண்டியதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே போனாலே பெரும்பாலோருக்குப் போதும். எடை தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். அது உடம்பை விட்டு விலகும் ஒவ்வோர் அங்குலமும் கீழ்முதுகின் சுமையைக் கூட்டும். இங்கே ஒரு சின்ன விஷயம்: நீளமான சுடிதார் டாப்ஸ் போட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். துணி ராடுக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டி, ராடை முன்னால் தள்ளிவிடும். ஷூவும் மெத்தென்ற ஓட்ட ஷூவாக இருக்கக் கூடாது. தட்டையான கேன்வாஸ் நல்லது, ஜிம்மில் அனுமதித்தால் வெறுங்காலும் நல்லது.

தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட் அதற்கு அப்புறம். இதில் நம் ஊர்ச் சின்ன ஜிம்களுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர். அது மாட்டிய ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நம் ஜிம்களில் இருக்கும் ஐந்து கிலோ, பத்து கிலோ இரும்பு பிளேட்டுகள் அதைவிடச் சிறியவை. அவற்றை மாட்டினால் ராடு கணுக்கால் பக்கத்தில் கிடக்கும். எடை குறைவு என்று நினைத்து எடுக்கப் போகும் புதியவர்தான் எல்லாரையும்விட ஆழமாகக் குனிய வேண்டியிருக்கும். அந்த ஆழத்துக்கு இடுப்பு மூட்டு மடங்காதவருக்கு முதுகு வளைந்துவிடும். இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. இரண்டு பக்கமும் தரையில் பிளேட்டுகளை அடுக்கி, அதன்மேல் ராடை ஏற்றி வையுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் தொடங்கி, பலமும் மடக்கும் கூடக் கூட ஒவ்வொரு பிளேட்டாக உருவிவிடலாம். அண்ணி இன்னும் அடுக்கின் மேல்தான் தூக்குகிறார். தரைக்கு வந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். பிடித்ததும் உடனே இழுக்காமல், அக்குளை இறுக்கி, ராடு லேசாகக் கிளிக்கென்று பிளேட்டைத் தொடும் வரை இறுக்கத்தை ஏற்றுங்கள். அப்புறம் தரையைக் காலால் தள்ளுங்கள். மேலே வந்ததும் நிமிர்ந்து நின்றால் போதும், பின்னால் சாயத் தேவையில்லை. சாய்ந்தால் குளூட்ஸின் வேலை முடிந்து சுமை கீழ்முதுகின் மூட்டுகளுக்குப் போய்விடும்.

மூச்சு முக்கியம். தூக்கும் முன் வயிறு, பக்கவாட்டு, முதுகு என்று சுற்றிலும் விரியும்படி மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதாக நினைத்து இறுக்க வேண்டும். வயிற்றுக்குள் ஏறும் அந்த அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத் தாங்கலாகிறது. பளுதூக்குபவர்கள் மூச்சை முழுதாக அடக்கித் தூக்குவார்கள். அது சில நொடிகளுக்கு ரத்த அழுத்தத்தை வெகுவாக ஏற்றும். நம் மாதிரி ஆட்கள், அதுவும் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வயிற்றை இறுக்கிக்கொண்டே ஏற்றும்போது மெல்ல ஊதிவிடுவது நல்லது. எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. ஏற்கெனவே கீழே கனமாக இறங்குவதுபோல் உணர்பவர்கள், தும்மினால் சிறுநீர் கசிகிறவர்கள் மகப்பேறு மருத்துவரையோ இதற்கென்றே இருக்கும் பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டு, எடையைக் குறைத்து, மூச்சை அடக்காமல் செய்யுங்கள். அது இல்லாத பெண்களைப் பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளூட்ஸுக்கென்றே தனியாக ஒன்று செய்வதென்றால் நான் ஹிப் த்ரஸ்ட்டைத்தான் சொல்வேன். தோள்பட்டையின் கீழ் விளிம்பு பெஞ்சில் சாய, ராடு இடுப்பெலும்புக்குக் குறுக்கே இருக்க, பிட்டத்தை மேலே தள்ளும் பயிற்சி. முதுகுக்குச் சுமை குறைவு என்பதால் கீழ்முதுகு பலவீனமானவர்களுக்கும் தோது. பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு போகும். ராடுக்குக் கீழே யோகா பாயையோ தடித்த துண்டையோ மடித்து வைக்காவிட்டால் இடுப்பெலும்பில் நீலம் பாய்ந்துவிடும். மேலே வந்த நிலையில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பாதம் தள்ளிப் போனால் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும், ரொம்பக் கிட்டே வந்தால் முன்தொடை வேலை செய்யும். முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி வைத்தால் முதுகு பின்னால் வளையாது. ஆண்களும் இருக்கிற ஜிம்மில் இந்த நிலையில் படுக்க நிறையப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், அதில் தவறே இல்லை. மூலையில் பெஞ்சைப் போட்டுக்கொள்ளலாம், பெண்களுக்கான நேரத்தில் போகலாம், வீட்டில் தரையிலேயே ஒற்றைக் கால் பிரிட்ஜ் செய்யலாம். ரப்பர் பேண்டை முழங்காலில் மாட்டிக்கொண்டு நூறு முறை காலை உதறும் வீடியோக்களைவிட இது எவ்வளவோ மேல்.

மேல்முதுகுக்கு டம்பெல் ரோ ஒன்றே போதும். ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, மறு கையின் முழங்கையைப் பேண்ட் பாக்கெட்டை நோக்கி இழுக்க வேண்டும். காதை நோக்கி இழுத்தால் கழுத்துதான் வலிக்கும்.

வயதான பெண்களுக்கு இவ்வளவு எடை தேவையா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வு. 2018-இல் முடிவு வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள், சராசரி வயது 65. பாதிப் பேர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம் டெட்லிஃப்ட், எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் மூன்றையும் கனமான எடையில் செய்தார்கள். ஐந்து செட், செட்டுக்கு ஐந்து முறை. அவர்களுடைய கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. கனமாகத் தூக்கியவர்களில் நடந்த அசம்பாவிதம், ஒருவருக்கு லேசான கீழ்முதுகுப் பிடிப்பு, அவ்வளவே. ஆனால் கூடவே சொல்ல வேண்டியது: முதல் மாதம் அவர்கள் கனமாக எதையும் தொடவில்லை, லேசான எடையில் அசைவைக் கற்றார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். அந்த முதல் மாதத்தைத்தான் நம் ஜிம்கள் தாண்டிக் குதிக்கின்றன.

எடை ஏற்றும் கணக்கு சுலபம். வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. எட்டு முறை, மூன்று செட். ஒவ்வொரு செட்டின் முடிவிலும் இன்னும் இரண்டு முறை ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். அடுத்த நாளும் மறுநாளும் பிட்டமும் தொடையும் இரு பக்கமும் பரவலாக வலித்தால் அது தசைவலி, மூன்று நான்கு நாளில் போய்விடும். ஒரே புள்ளியில் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, காலுக்குள் மின்சாரம்போல் இறங்குவது வேறு. அன்றைக்கு எடையைக் கீழே வைத்துவிடுங்கள். அதிகாலை ஐந்தரைக்கு ஜிம் போகிறவர்கள் எழுந்த கையோடு குனிந்து தூக்காதீர்கள். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்குச் சிரமம். நடந்துவிட்டு, தரைப் பயிற்சிகளை முடித்துவிட்டு, குனியும் பயிற்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: இட்லி, சாதத்தோடு மட்டும் தசை ஏறாது. முட்டை, மீன், தயிர், சுண்டல், பருப்பு என்று ஒவ்வொரு வேளையும் புரதம் கொஞ்சமாவது தட்டில் இருக்கட்டும்.

புதிதாகச் சேருகிறவர்கள், மாஸ்டர் எவ்வளவு எடை போடுகிறார் என்பதைவிட எங்கே நின்று பார்க்கிறார் என்று கவனியுங்கள். முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் முதுகு தெரியாது. பக்கவாட்டில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். அவர் வேலையாக இருந்தால், போனை ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டைப் படம் பிடியுங்கள். ராடு காலை விட்டு விலகுகிறதா, பிட்டம் முதலில் எழும்பி நெஞ்சு பின்தங்குகிறதா என்று அடுத்த செட்டுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்த முறை இரண்டரை கிலோ சேர்க்கலாம்.